போத்தல் ஏரம்பண்ணையின் முடிச்சுகள்

எனக்கு முன்கோபம். அதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் என் கோபத்தால் ஏரம்பண்ணைக்கு நடந்த அநியாயமும் இந்தக் கதைக்குள் வருகிறது. வடக்குக் கரையை அண்டிய ஒரு வைத்தியசாலையில் ஆண்கள் வார்ட்டுக்கு நான் கிளாக்கர். பெயர் ஜெபரட்ணம். கட்டில்கள் முப்பத்தொன்று. பதிவேடு, கடிதம், தட்டெழுத்து எல்லாம் என் பொறுப்பு. வார்ட்டில் எது கோணலாகக் கிடந்தாலும் எனக்குப் பொறுக்காது.

ஏரம்பண்ணை வல்வெட்டித்துறைக்காரர். பாய்க்கப்பலில் சரக்கேற்றிப் போனவர். ஒரு புயலில் பாய்மரம் முறிந்து விழுந்ததில் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. எங்கள் வார்ட்டில்தான் நாலு மாதம் கிடந்தார். புண் ஆறியதும் இரண்டு கக்கத்துக்கும் ஊன்றுகோல் கொடுத்தார்கள். நடக்கப் பழகிய முதல் நாளே கன்ரீனுக்குப் போய் ஒரு தேத்தண்ணி வாங்கினார். வாங்கிய பிறகுதான், அதைக் கட்டிலுக்குக் கொண்டுவரத் தன்னிடம் கை மிச்சமில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. தேத்தண்ணி ஆறும் வரை அந்தக் கிளாசைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். ஒருவரிடமும் உதவி கேட்கவில்லை. அவ்வளவு வீறாப்பு.

மறுநாள் வலைநூல் எடுப்பித்து, ஒரு சோடாப் போத்தலுக்கு அளவாகப் பை பின்னினார். போத்தலின் கழுத்தில் இறுக்கி, நீளமாக வார் விட்டு, தோளில் மாட்டி முதுகுப்பக்கம் தொங்கவிட்டார். இரண்டு கையும் ஊன்றுகோலில் இருக்க, கன்ரீனிலிருந்து கட்டில் வரை ஒரு சொட்டுச் சிந்தாமல் வந்து சேர்ந்தார். பக்கத்துக் கட்டில்காரர் தனக்கும் ஒன்று கேட்டார். பிறகு எல்லாரும் கேட்டார்கள். வீட்டுக்குப் போகலாம் என்று துண்டு வெட்டிய நாளில் பெரிய டொக்டர் அவரை அனுப்பவில்லை. வாசலில் வேலைக்கு வைத்துக்கொண்டார். பதினெட்டு வருடம் அந்த வேலையைச் செய்தார்.

என்ன வேலை என்றால், காலையில் நோயாளரைப் பார்க்க ஒருவரையும் உள்ளே விடுவதில்லை. ஆனால் வீடுகளிலிருந்து மல்லிக்கோப்பியும் பார்லித்தண்ணியும் ஏழு மணிக்கே வாசலுக்கு வந்துவிடும். பிளாஸ்க் வசதிக்காரர் சாமான். மற்றவர்களுக்குக் கழுவிய சாராயப் போத்தலும் சோடாப் போத்தலும்தான். எல்லாம் பார்வைக்கு ஒன்று. யாருக்கு என்று கேட்டால் பெண்கள் பெயர் சொல்லமாட்டார்கள். புருஷன் பெயரை வாயால் சொல்கிற வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. "எங்கடை அவருக்கு" என்பார்கள். ஒரு காலையில் பதினெட்டுப் பேர் வந்து "எங்கடை அவருக்கு" என்றால் அற்றெண்டன் என்ன செய்வான்? கடதாசியில் எழுதி ஒட்டினால் ஈரத்தில் கழன்றுவிடும். சீனி ஆகாத சலரோகக்காரர் ஒருவர் அடுத்தவரின் சீனிக் கோப்பியைக் குடித்து மயங்கிக் கிடந்ததும் உண்டு.

ஏரம்பண்ணை அதற்கு வழி கண்டார். ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு முடிச்சு. கட்டில் கம்பியில் ஒரு சாண் நூல் தொங்கும், அதில் அந்த முடிச்சு இருக்கும். அதே முடிச்சுப் போட்ட போத்தல்பை வீட்டுப் பெண்ணிடம் போகும். பெயர் வேண்டாம், எழுத்து வேண்டாம். பாய்த்துணியில் அகலமான இடுப்புப்பட்டி ஒன்று தைத்து, அதில் பன்னிரண்டு வளையம் வைத்திருந்தார். பட்டி நிறையப் போத்தல்களைத் தொங்கவிட்டு, ஊன்றுகோலை ஊன்றி ஊன்றி அவர் வார்ட்டுக்குள் நுழையும்போது ஒரு போத்தல்கூட இன்னொன்றில் முட்டிச் சத்தம் போடாது. எனக்கு அது அப்போது பெரிதாகத் தெரியவில்லை. கம்பிகளில் தொங்குகிற நூல்தான் கண்ணை உறுத்தியது.

அறுபத்தொன்றாம் ஆண்டு மார்கழியில் கொழும்பிலிருந்து மேலதிகாரிகள் பார்வையிட வருவதாக இருந்தது. நான் கத்தரிக்கோலை எடுத்து முப்பத்தொரு நூலையும் அறுத்துக் குப்பையில் போட்டேன்.

மறுநாள் காலை ஏரம்பண்ணை பட்டி நிறையப் போத்தல்களோடு வந்தார். முதற் கட்டிலின் கம்பியைத் தடவினார். அடுத்ததைத் தடவினார். என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு கட்டில் கட்டிலாகப் போத்தலைக் கொடுத்துக்கொண்டே போனார். மூன்று தரம் வாசலுக்குப் போய் வந்தார். ஒரு போத்தல் மாறவில்லை.

எனக்கு வெட்கமும் கோபமும் ஒன்றாக வந்தன. "உமக்குத்தான் எல்லாம் மனப்பாடமே. பிறகென்னத்துக்கு இந்த நூல்?" என்றேன்.

"எனக்கில்லை, கிளாக்கர் ஐயா. கிடக்கிறவைக்கு. வீட்டிலையும் உதே முடிச்சு இருக்கெண்டு தடவிப் பாப்பினம்."

அன்று பின்னேரமே முப்பத்தொரு நூலையும் திரும்பக் கட்டினார். அவர் இருந்து கட்ட, நான் கதிரையைப் பிடித்துக்கொண்டு கூடவே போனேன். கதிரை பிடித்ததுதான் நான் கேட்ட மன்னிப்பு.

பதினேழாம் கட்டிலுக்கு மட்டும் அவர் வெறும் நூலைக் கட்டினார். அங்கே கிடந்தவரை பதினாலு நாளைக்கு முன் கீரிமலைப் பக்கக் கடற்கரையிலிருந்து தூக்கி வந்திருந்தார்கள். தலையில் அடி. கண் திறந்திருக்கும், பேச்சு இல்லை. தாதி மிஸ்ஸிமார் கரண்டியால் ஊட்டினால் விழுங்குவார், தானாக ஒரு மிடறும் குடிக்கமாட்டார். ஒருவரும் தேடி வரவில்லை. பதிவேட்டில் "பெயர் தெரியாதவர்" என்று எழுதியவன் நான்தான். அடுத்த திங்கட்கிழமை அவரைக் கொழும்புக்கு அனுப்பச் சொல்லிவிட்டார்கள். இப்படி ஆளடையாளம் தெரியாமல் கொழும்புக்குப் போனவர்களைப் பிறகு யாரும் கண்டுபிடித்ததாக நான் கேள்விப்படவில்லை. கடிதம் அடிக்கவேண்டியதும் நான்தான்.

நூல் கட்டிய மூன்றாம் நாள் காலை ஏரம்பண்ணை என்னைக் கூப்பிட்டார். பதினேழாம் கட்டிலின் வெறும் நூலில் ஒரு முடிச்சு விழுந்திருந்தது. கிடக்கிறவரின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. விரல்கள் மட்டும் அதைப் போட்டிருந்தன.

"ஆரும் விளையாட்டுக்குக் கட்டியிருப்பினம்," என்றேன்.

"இல்லை. இது கடல்முடிச்சு. ஆனா இடக்கைக்காரன் கட்டினது, சுத்தெல்லாம் மற்றப் பக்கம் போகுது. கடைசியிலை நூலை ரெண்டுதரம் உள்ளுக்கு விட்டிருக்கிறான். உப்பிடிக் கட்டுறவனை நான் ஒரு கப்பலிலையும் காணேல்லை." முடிச்சை விரலால் தடவினார். "நான் காணேல்லை. இவன்ரை வீட்டிலை கண்டிருப்பினம். திங்கக்கிழமையைக் கொஞ்சம் பிந்த விடுங்கோ."

அன்று முழுக்கப் பதினேழாம் கட்டிலடியில் இருந்தார். அந்த முடிச்சை அவிழ்க்கவில்லை. அவிழ்த்தால் போய்விடும் என்றார். பார்த்துப் பார்த்தே, தன் இடக்கையால் திரும்பத் திரும்பக் கட்டிப் பழகினார். பொழுதுபடும்போது இரண்டு முடிச்சையும் என் கண்முன் நீட்டினார். எது எது என்று எனக்குத் தெரியவில்லை. முப்பது வருடம் எழுத்துவேலை பார்த்திருக்கிறேன், ஒருவரின் கையெழுத்தை இன்னொருவர் அப்படி எழுதி நான் பார்த்ததில்லை.

அடுத்த நாளிலிருந்து வாசலுக்கு வந்த ஒவ்வொரு பெண்ணின் போத்தல் வாரிலும், அவரவர் முடிச்சுக்கு மேலே இந்த முடிச்சையும் போட்டுக் கொடுத்தார். "போத்தலைத் தோளிலை முன்னுக்குத் தெரியக் கொழுவிக்கொண்டு போங்கோ பிள்ளையள். ஆரேன் இதைப் பாத்துக் கேட்டால், இஞ்சை கூட்டிக்கொண்டு வாங்கோ. வேறையொண்டும் சொல்லவேண்டாம்."

பெண்கள் கைவீசிக்கொண்டு போனார்கள். அந்த முடிச்சு அவர்கள் தோளிலேறி பஸ்ஸில் போனது, சந்தைக்குப் போனது, கிணற்றடிக்கும் கோயிலுக்கும் போனது. திங்கட்கிழமை வந்தது. டொக்டர் கடிதம் எங்கே என்றார். தட்டெழுத்து மெசினில் றிபன் முடிந்துவிட்டது என்று பொய் சொன்னேன். புதன்கிழமை மெசினே பழுது என்றேன். விதிப்படி நடப்பதை வேதம்போல் நினைத்த நான், வாழ்க்கையில் முதன்முதல் சொன்ன உத்தியோகப் பொய்கள் அவை. பத்து நாளைக்குமேல் என்னால் இழுக்க முடியாமற் போயிற்று. "நாளைக்குக் காலமை இவரைக் கொழும்புக்கு ஏத்த வான் வருது, அண்ணை," என்று சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

அந்தக் காலமை, வானுக்கு முன்னால் ஒரு பெண் வந்தாள். வெள்ளைச் சேலை. கையில் யாரோ ஒருத்தியின் போத்தல், போத்தல்காரி பின்னால் ஓடி வருகிறாள். பஸ்ஸில் முன் சீற்றில் இருந்தவளின் தோளில் அதைக் கண்டு பிடுங்காத குறையாக வாங்கினாளாம்.

அவள் பெயர் மகாதேவி. வடமராட்சிக் கிழக்கில் ஒரு சின்னக் கரையூர். புருஷன் தொழிலுக்குப் போன வள்ளம் காற்றில் கவிழ்ந்தது. கூடப் போனவர் நீந்திக் கரைசேர்ந்து, அவர் கடலில் தாழ்ந்துபோனதைக் கண்ணால் கண்டேன் என்று சொல்லிவிட்டார். அதனால் ஒருவரும் ஆசுபத்திரிகளில் தேடவில்லை. இன்னும் மூன்று நாளில் முப்பத்தோராம் நாள். கீரிமலையில் செத்தவருக்கான அந்தியேட்டிக் கிரியை செய்ய ஐயருக்கும் சொல்லியாகிவிட்டது. அதற்குச் சாமான் வாங்கத்தான் அவள் பஸ் ஏறியிருக்கிறாள்.

"எங்கடை வீட்டு ஆட்டுக்கயிறு உப்பிடித்தான் கட்டிக் கிடக்கு," என்றாள். "எனக்கு அவிழ்க்கத் தெரியாது. அறுக்க மனம் வரேல்லை. இருவத்தெட்டு நாளா ஆட்டுக்குக் குழை முறிச்சுக் கொண்டுபோய் அந்த இடத்திலைதான் போடுறன்."

நான் பதிவேட்டை விரித்தேன். என்ன அவசரத்திலும் எனக்குப் பதிவேடு வேண்டும். "அவரின்ரை பேரென்ன?"

அவள் நிலத்தைப் பார்த்தாள். "திருநீறு பூசேக்கை எல்லாரும் சொல்லுறது. கலியாணம் கட்டின நாளிலையிருந்து நான் மட்டும் சொல்லுறதில்லை."

நான் தேவாலயத்துக்குப் போகிற வேதக்காரன், விழித்தேன். ஏரம்பண்ணைதான் மெதுவாகச் சொன்னார்: "நமசிவாயம். எழுதுங்கோ ஐயா."

எழுதினேன். எழுதிவிட்டாலும் எனக்குள் பயம்தான். ஒரு முடிச்சை நம்பி வந்திருக்கிறாள். அது அவராக இல்லாவிட்டால் இந்தப் பெண் இரண்டாம் தரமும் அவரை இழப்பாள். அவராகவே இருந்தாலும், அவருக்கு இவளைத் தெரியாவிட்டால்?

ஏரம்பண்ணை அவளுடைய கையிலிருந்த போத்தலில் சுடுதேத்தண்ணி நிறைத்துக் கொடுத்தார். பதினேழாம் கட்டிலடிக்குப் போனதும் அவள் ஒரு கணம் சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர்தான். ஆனால் அவர் இவளைப் பார்க்கவில்லை. யன்னலைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். அவள் போத்தலின் வாரை இரண்டு கையாலும் விரித்து, கடலுக்குப் போகிறவருக்குக் கரையில் வள்ளத்தடியில் நின்று கொடுப்பதைப்போல அவர் முன்னால் நீட்டினாள்.

அவருடைய கண் அந்த வாரில் வந்து நின்றது. எழுந்து உட்கார்ந்தார். இருபத்தெட்டு நாளாக இரண்டு பேர் பிடித்தே நிமிர்த்திய மனிதர். வாரை வாங்கினார், தலைக்கு மேலால் விட்டு இடத்தோளில் மாட்டினார், போத்தலை முதுகுப்பக்கம் தள்ளினார். இரண்டு கையும் வெறுமையாக, தொழிலுக்குப் போகிறவரைப்போல் காலை நிலத்தில் வைத்தார்.

பதிவேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஜெபம் செய்ய நினைத்தேன்.

மகாதேவி அவருடைய கையைப் பிடித்தாள். "இண்டைக்குக் கடலுக்கு வேண்டாமப்பா. வீட்டை போவம்."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"ஓம், போவம்," என்றார்.