சிரிக்காதவளைத் தேடியவன்

எனக்கு வயது எழுபத்தாறு. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள்.

போர் முடிந்து நாங்கள் மீளக்குடியேறிய பிறகு எங்கள் ஊரான மறிச்சுக்கட்டியில் ஒரு சிரிப்பு நாடகம் போட்டார்கள். “போரில் தொலைந்த உங்கள் மகன் நான்தான்” என்று சொல்லி இரண்டு வீடுகளில் சோறு தின்னும் கள்ளனாக ஒரு மெலிந்த நடிகன் வந்தான். தமிழ் வீட்டில் “அம்மா” என்பான், முஸ்லிம் வீட்டில் “உம்மா” என்பான். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும்போதெல்லாம் அவன் பெண்களின் முகங்களையே பார்த்தான்.

நாடகம் முடிந்ததும் அவனுக்குத் தேத்தண்ணி கொடுத்து, “ஆரைத் தம்பி தேடுறீர்?” என்றேன்.

“என்ர தாயை. சின்னனில சண்டைக்குள்ள அவவைத் தவற விட்டனான். தமிழோ முஸ்லிமோ தெரியாது. பிள்ளையைத் துலைச்சவ இதுக்குச் சிரிக்கமாட்டா.”

“நான் சிரிச்சனான், மோனே.”

“ஓம். உங்கட பக்கத்துக் கதிரையில இருந்தவ சிரிக்கேல்லை. எங்க போனவ?”

அந்தக் கதிரை தொடக்கம் முதல் வெறுமையாகத்தான் கிடந்தது. அதைச் சொல்லாமல் அவனுக்கு இன்னொரு தேத்தண்ணி ஊற்றினேன்.

பேத்தி, நான் சொல்லச் சொல்ல நீ எழுதின இவ்வளவையும் ஒருக்கால் சத்தமாய் வாசி. நானே நம்புகிறேனா என்று கேட்டுப் பார்க்கிறேன்.