லீலாவதி அக்கா அனுமதி வழங்கிய வாரம்

லீலாவதி அக்காவுக்கு எந்தப் பொருளும் சும்மா கிடக்கக் கூடாது. காலி பாட்டில், கிழிந்த குடை, போன வருஷத்துக் காலண்டர், எதைப் பார்த்தாலும் கை பரபரக்கும். ஆண்டவன் பார்த்து அவருக்கு ஏற்ற வேலையையும் கொடுத்திருந்தான். எங்கள் அமைச்சகத்தின் ரெக்கார்டு ரூமுக்கு அவர்தான் பொறுப்பு. பழைய ஃபைல்களில் எதை வைத்துக்கொள்வது, எதைக் கிழித்துப் போடுவது என்று களை எடுப்பதுதான் நாள் முழுக்க வேலை.

ஆனால் அதில் ஒரு கொடுமை உண்டு. கிழிந்த காகிதத்தைக்கூட அவராகத் தூக்கிப் போட முடியாது. 'அழிக்கலாம், அனுமதி வேண்டப்படுகிறது' என்று குறிப்பு எழுதி மேலே அனுப்ப வேண்டும். அது ஒவ்வொரு அதிகாரியின் மேஜையிலும் ஆற அமர உட்கார்ந்துவிட்டு, 'பேசவும்' என்ற ஒற்றைச் சொல்லோடு திரும்பி வரும். பேசப் போனால் சாஹிப் லீவில் இருப்பார். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அக்கா அனுமதி கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார். யாரும் அவரிடம் அனுமதி கேட்டதில்லை.

நான் வைதேஹி. அதே அமைச்சகம்தான், வேறு பிரிவு. தலைநகரின் ஆர்.கே.புரம் அரசு குவார்ட்டர்ஸில் அக்காவுக்கு எதிர் வீடு. மேல் மாடி, லிஃப்ட் கிடையாது. அக்காவின் வீட்டுக்காரர் நல்லசிவத்தை நான் அத்திம்பேர் என்றுதான் கூப்பிடுவேன். திருநெல்வேலிக்காரரான அவருக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே சிரிப்பு வரும். ராணுவத்தில் லாரிகளுக்கு அடியில் படுத்தே காலம் கழித்தவர். இப்போது முழங்கால் இரண்டும் தகராறு. போன தீபாவளிக்குப் பிறகு படி இறங்குவதையே விட்டுவிட்டார். கீழே வேப்பமரத்தடியில் ஓய்வுபெற்ற கிழங்கள் சீட்டு ஆடுவதைப் பால்கனியில் உட்கார்ந்து பார்ப்பார். பேச்சு ரொம்பக் குறைந்துவிட்டது. நாம் ஏதாவது கேட்டால் 'ம்' என்பார்.

அதனால் அக்காவுக்கு ஒரே லட்சியம், கீழ் வீடு. எங்கள் வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். காலியான குவார்ட்டர்ஸ் மாதா மாதம் இணையதளத்தில் வரும். வேண்டியவர்கள் விருப்பம் போடுவோம். சீனியாரிட்டிப்படி ஒதுக்குவார்கள். கிடைத்தவர் கெடு முடிவதற்குள் 'ஏற்கிறேன்' என்று அழுத்தியாக வேண்டும். தவறினால் வீடு அடுத்த ஆளுக்குப் போய்விடும். ஜனவரியில் எங்கள் பிளாக்கிலேயே கீழ் வீடு காலியானது. அக்கா விருப்பம் போட்டார். நானும் போட்டேன். ஏன், எனக்குக் கால் இல்லையா? வரிசையில் முதலில் அக்கா, அடுத்து நான். இது இருவருக்கும் தெரியும். அதற்காக யாரும் யாரிடமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை.

இந்த நேரத்தில்தான் அக்காவின் போன் வாலாட்டியது. ஜனவரி முப்பது, காலை பதினொரு மணி. தியாகிகளுக்காக அமைச்சகமே எழுந்து மௌனமாக நிற்கிறது. டைரக்டர் தலை குனிந்து நிற்கிறார். அக்காவின் கைப்பையிலிருந்து ஒரு பெண் குரல் கூவியது: "பதாயீ ஹோ! ஆப் ஜீத் கயே!"

வாழ்த்துகள், நீங்கள் வென்றுவிட்டீர்கள்! அக்கா எதையும் ஆடவில்லை, எதையும் வெல்லவில்லை. கடையிலிருந்து வரும்போதே போனோடு ஒட்டிக்கொண்டு வந்த ஏதோ ஒரு விளையாட்டு, தானாக எழுந்து அவரை வாழ்த்தியிருக்கிறது. மௌனம் முடியும் வரை நான் கர்ச்சீப்பை வாயில் அடைத்துக்கொண்டு நின்றேன்.

மத்தியானம் டிபன் டப்பாவைக்கூடத் திறக்காமல் அக்கா அதை நீக்கப் பார்த்தார். நீக்கும் பட்டனே இல்லை. அந்த விளையாட்டு மட்டுமா? ஜோசியம், கடன் தரும் ஆப், இரண்டாவது பிரவுசர், மூன்றாவது பிரவுசர், யாரும் கேட்காத செய்தி என்று ஒரு பட்டாளமே உள்ளே குடியிருந்தது. ஒன்றைக்கூட அசைக்க முடியவில்லை. கடைசியில் எங்கேயோ ஒரு மூலையில் போய் அழுத்தியபோது திரையில் வந்தது: 'இதற்கு உங்களுக்கு அனுமதி இல்லை.'

அக்காவின் முகம் சிவந்ததை அன்றுதான் பார்த்தேன். "என்னட்டி சொல்லுது இந்தச் சவம்? என் போன்ல எனக்கே அனுமதி இல்லியா? இங்கயும் நான் நோட் போட்டு மேல அனுப்பணுமா?"

அடுத்த சனிக்கிழமை அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஆபரேஷன் நடந்தது. காசியாபாத் ஆள் ஒருவர் "ஹலோ தோஸ்தோ" என்று நண்பர்களை அழைத்து ஆரம்பிக்கும் வீடியோக்களை அக்கா வாரம் முழுக்கப் பார்த்துக் கரைத்துக் குடித்திருந்தார். போனுக்குள்ளே எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பெரிய அதிகாரம் இருக்கிறதாம். அதற்கு ரூட் என்று பெயராம். போன் தயாரிக்கிற கம்பெனி அதைப் பூட்டி வைத்துக்கொள்கிறதாம். பூட்டைத் திறந்தால் போனுக்கு நாம்தான் ராஜா. ஆனால் திறக்கும்போது உள்ளே இருப்பது மொத்தமும் அழிந்துவிடும்.

"அச்சா, அப்போ போட்டோவெல்லாம்?" என்றேன்.

"பென் டிரைவ்ல ஏத்தியாச்சு. அழிக்கறதுக்கு முன்ன காப்பி எடுக்கணும்னு எனக்குத் தெரியாதா? எத்தன ஃபைலக் கிழிச்சவ நான்!"

லேப்டாப்போடு ஒயரை மாட்டினார். கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் என்னென்னவோ டைப் செய்தார். போன் அணைந்தது. கம்பெனியின் பெயர் மட்டும் வந்து நின்றது. நின்றது, நின்றுகொண்டே இருந்தது. நான் மனதுக்குள் மலை மந்திர் முருகனுக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டேன். அக்கா நகத்தைக் கடித்தார். பால்கனியில் இருந்த அத்திம்பேர் திரும்பிப் பார்த்து, "சூடாவட்டும், விடு" என்றார். குளிர்காலத்தில் லாரியைக் கிளப்பிய அனுபவம்.

போன் உயிர் பெற்றது. களையெடுக்கும் ஆப் ஒன்றை அக்கா திறந்தார். உடனே திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்து பணிவோடு கேட்டது: இந்த ஆப் உங்களிடம் முழு அதிகாரம் கோருகிறது. வழங்கலாமா? கூடாதா?

அக்கா அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏட்டி வைதேஹி. எங்கிட்ட கேக்குதுடி."

"ஆமா, உங்ககிட்டதான் கேக்கறது. ஜல்தி அழுத்துங்கோ!"

"இரு." எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார். பொட்டைச் சரிசெய்துகொண்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு, டெபுடி செக்ரட்டரி மாதிரி சாய்ந்து உட்கார்ந்து, 'வழங்கலாம்' என்பதை ஆள்காட்டி விரலால் ஓங்கி ஒரு குத்து குத்தினார். "அப்ரூவ்ட்!"

அப்புறம் அவரை யாராலும் பிடிக்க முடியவில்லை. நான் பெயரை வாசிக்க, அவர் தீர்ப்புச் சொன்னார். "ஜோசியம்?" "தூக்கு!" "கடன் ஆப்?" "தூக்கு!" "பதாயீ ஹோ?" அதற்கு மட்டும் அக்கா எழுந்து நின்று அழித்தார். நாங்கள் சிரித்த சிரிப்பில் கீழ் மாடிக்காரர்கள் என்னவோ ஏதோ என்று கதவைத் திறந்து பார்த்தார்கள்.

அந்த வேகத்தில்தான் ஒரு பெயர் வந்தது. போன் அண்டு மெசேஜிங் ஸ்டோரேஜ்.

"இது எதுக்குன்னு தெரியலையே" என்றேன்.

"பேரே சொல்லுதுல்லா, ஸ்டோரேஜுன்னு. இதுதான் போனோட ரெக்கார்டு ரூமு. பழசக் கொட்டி வச்சிருக்க எடம். மொதல்ல காலி பண்ண வேண்டியதே இதத்தான். தூக்கு!"

காசியாபாத் ஆள்கூட இதைத் தொட்டிருக்க மாட்டார். ரெக்கார்டு ரூமிலேயே ஆயுளைக் கழித்தவருக்குத்தான் அந்தப் பெயரைப் பார்த்ததும் கை துறுதுறுக்கும். அனுமதி கேட்டது. வழங்கினார். அழிந்தது.

அந்த வாரம் அக்கா தரையில் நடக்கவில்லை. போன் சிட்டாகப் பறந்தது. பேங்க் ஆப் மட்டும், பூட்டு திறந்த போனில் வேலை செய்ய மாட்டேன் என்று முரண்டு பிடித்தது. "போ, நான் பேங்குக்கே நடந்து போயிக்கிடுதேன்" என்று அதையும் தூக்கிவிட்டார். வெளியே போனால் நெட் வரவில்லை. டவர் சரியில்லை என்று இருவரும் சேர்ந்து திட்டினோம். "இன்னொண்ணு கவனிச்சியா? ஒரு வாரமா ஒரு விளம்பர மெசேஜ்கூட வரல. அப்படிக் களை எடுத்திருக்கேன்!" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் மலை மந்திருக்குப் போனோம். எனக்குத் தேங்காய்ப் பாக்கி இருந்தது. பிரசாத வரிசையில் எங்கள் ஆபீஸ் அச்சுதன் நின்றிருந்தார். அக்காவைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்.

"என்ன மேடம், கீழ் வீடு கெடச்சும் ஸ்வீட்டே காணோம்? செவ்வாய்க்கிழமையே லிஸ்ட் வந்துருச்சே!"

"எந்த வீடு? எனக்கு ஒரு மெசேஜும் வரலியே?"

"என்ன மேடம் சொல்றீங்க? இன்னும் ஏத்துக்கலையா? இன்னைக்கு சாயங்காலம் ஆறு மணியோட கெடு முடியுதே!"

எனக்கு ஒதுக்கவில்லை என்று பார்த்துவிட்டு அந்தப் பக்கத்தை மூடியவள் நான். யாருக்கு ஒதுக்கினார்கள் என்று பார்க்க மனசில்லை. அக்காவுக்கென்றால் மெசேஜ் போயிருக்கும் என்று இருந்துவிட்டேன். மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. வாங்கிய பொங்கல் தொன்னையோடு இருவரும் மலையிலிருந்து ஓட்டமும் நடையுமாக இறங்கினோம். எங்கள் மாடிப் படிகளை எப்படி ஏறினோம் என்று முருகனுக்குத்தான் தெரியும்.

லேப்டாப்பில் அக்காவின் பெயருக்கு நேரே கீழ் வீடு பச்சையாக மின்னியது. 'ஏற்கிறேன்' என்பதை அழுத்தினார். உங்கள் மொபைலுக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறோம் என்றது. போனைப் பார்த்தோம். வரவில்லை. மறுபடி கேட்டோம். வரவில்லை. இன்னும் ஒரு தடவைதான் கேட்கலாம், அதற்குப் பிறகு நாளைக்குத்தான் என்று சிவப்பு எழுத்தில் மிரட்டியது. நாளைக்கு வீடு இருக்காது.

சட்டென்று எனக்கு உறைத்தது. "அக்கா! அந்த ரெக்கார்டு ரூம்! மெசேஜ் வந்தா வாங்கி வைக்கற எடத்தையே தூக்கிட்டேளே!"

அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டார். பால்கனியில் அத்திம்பேர் நாங்கள் என்ன செய்கிறோம் என்றுகூடத் தெரியாமல் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முதுகைப் பார்த்ததும் அக்காவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அனுமதி குடுக்கத் தெரியாதவ கையில அதிகாரத்தக் குடுத்தா இப்பிடித்தான். போட்டும், வைதேஹி. அடுத்த ஆளு நீதான. வேற எவனுக்கோ போறதுக்கு ஒனக்குப் போறது நல்லதுதான்."

ஆசை இல்லை என்றால் பொய். கீழ் வீட்டு முன்னால் கறிவேப்பிலைக் கன்று வைக்க இடம்கூடப் பார்த்து வைத்திருந்தேன். ஒரு நிமிஷம் அந்தக் கன்று என் கண் முன்னால் தளதளவென்று நின்றது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அக்கா மேலா, கன்று மேலா, தெரியவில்லை.

"அழறதுக்கு இப்போ டைம் இல்லை. கம்மலைக் கழட்டுங்கோ!"

"கம்மலயா?"

"உங்க சிம் கார்டை எடுத்து என் போன்ல போடப் போறேன். குத்தறதுக்கு ஊசி வேண்டாமா?"

கம்மலின் காம்பால் குத்தி சிம்மை வெளியே எடுத்தோம். அவசரத்தில் அது நழுவி விழுந்து பொங்கலுக்குள் போய்விட்டது. முந்தானையால் துடைத்து என் போனில் செருகினேன். என் போனோ குப்பைத் தொட்டி, ஒன்றையும் நான் நீக்கியதில்லை. உயிர் வந்ததும் முதலில் ஒரு லட்டு விளம்பரம் திரை முழுக்க வந்தது. அது போவதற்குள் எனக்கு ஆயுசு பாதி போனது. அப்புறம் டிங் டிங் டிங் என்று அக்காவுக்கு வராமல் நின்றிருந்த மெசேஜ்கள் கொட்டின. கடன் வேண்டுமா, பல் வலியா, கியாஸ் வந்துவிட்டது. நடுவில் இரண்டு ஓடிபி.

"இந்தா இருக்கு! இதப் போடு!"

"அதெல்லாம் காலாவதி ஆயாச்சு! புதுசு கேளுங்கோ!"

கடைசி வாய்ப்பை அக்கா அழுத்தினார். டிங். அந்த வீட்டின் ஓடிபி என் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. ஒவ்வொரு எண்ணாக, பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் உரக்கச் சொன்னேன். அக்கா திருப்பிச் சொல்லிக்கொண்டே தட்டினார். 'ஏற்கப்பட்டது' என்று திரை பச்சையானது.

அக்கா என்னைக் கட்டிப் பிடித்துச் சுற்றிய சுற்றில் நாற்காலி விழுந்தது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று புரியவில்லை, எனக்கும் அதே கதிதான். "ஏங்க! கேட்டியளா? கீழ் வீடு நமக்கு!" என்று பால்கனிக்குக் கத்தினார். போய்ப் பார்த்தால் நாற்காலி காலி. வாசல் கதவு திறந்து கிடந்தது. நாங்கள் ஓடிபி எண்களைக் கத்திக்கொண்டிருந்தபோதே மனுஷர் கிளம்பியிருக்க வேண்டும்.

அலறியடித்துக்கொண்டு இறங்கினோம். கடைசித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்தபடி அத்திம்பேர் ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தார். தலையில் குரங்குக் குல்லா, காலில் செருப்பில்லை. கீழே போய், பூட்டிக் கிடந்த அந்த வீட்டு வாசல்படியில் அம்சமாக உட்கார்ந்தார்.

"என்னங்க இது, சாவி கைக்கு வர நாளாவுமே!" என்றார் அக்கா.

"வரட்டும். நான் இனி ஏற மாட்டேன்."

"அப்பம் ராத்திரி?"

"பனியிலயே படுத்தவன் நான். சோத்தக் கீழ கொண்டாங்க."

எவ்வளவு கெஞ்சியும் அசையவில்லை. வேப்பமரத்தடிக் கிழங்கள் "ஆயியே சாஹிப்!" என்று வரவேற்றுக் கை காட்டி, அவர் இருந்த படிக்கே சீட்டுக்கட்டோடு வந்துவிட்டார்கள். அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். சோறு எடுத்து வர மேலே போக வேண்டிய ஆள் நான்தான்.

கால் வலித்தது. கொஞ்சம் வயிற்றெரிச்சலும் இருந்தது. சிரிப்பு மட்டும் நிற்கவே இல்லை. பாதி மாடி ஏறியிருப்பேன், கீழேயிருந்து அத்திம்பேர் ஒரு சத்தம் போட்டார். அவர் இவ்வளவு உரக்கப் பேசி நான் கேட்டதே இல்லை.

"வைதேஹி! ஊறுகாய மறந்துராத!"