பாட்டை வளர்த்த கலியமூர்த்தி

பஸ்ஸை எடுக்கும் முன் கலியமூர்த்தி கண்ணாடியில் சாலையைப் பார்ப்பதில்லை. பயணிகளின் முகங்களைப் பார்க்கிறார். சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடித்து ஜன்னலில் தலை சாய்த்தவர்கள் அதிகமிருந்தால் மெதுவான பாட்டு. அண்ணாமலை நகர் காலேஜுக்குப் போகிற பிள்ளைகள் படியில் தொங்கினால் துள்ளல் பாட்டு. வீட்டில் சண்டை போட்டுவிட்டுப் பையோடு ஏறிய ஒரு பெண்ணுக்கு அவர் போட்ட பாட்டில், அவள் ஆலப்பாக்கத்திலேயே இறங்கி, எதிர் பஸ் பிடித்துப் புருஷனிடம் திரும்பிப் போய்விட்டாள். நான் பக்கத்து சீட்டில் இருந்தேன். நம்பாதவர்கள் அவளையே கேட்டுக்கொள்ளலாம்.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் ஓடும் தனியார் பஸ்ஸின் டிரைவர் அவர். எந்த முகத்துக்கு எந்தப் பாட்டு போட்டாலும் பாடகர் மட்டும் மாறமாட்டார்: பாப் பாடகர் தேவசகாயம். எழுபதைத் தாண்டியும் மேடையில் வெள்ளை ஷூவோடு குதிப்பவர். அதனால் கலியமூர்த்தியின் காக்கிச் சீருடைக்கும் வெள்ளை ஷூதான். ஆக்சிலேட்டர் மிதித்து மிதித்து வலது ஷூவின் மூக்கு மட்டும் கறுத்திருக்கும். மீசைக்கு டை அடிப்பார், தலையை நரைக்க விட்டுவிடுவார். கேட்டால், "அவுரு அப்பிடித்தாம்மா வச்சிருக்காரு" என்பார்.

தேவசகாயத்தின் ஊரறிந்த பாட்டு 'மத்தாப்பு மஞ்சுளா'. கலியமூர்த்தியின் பாட்டு அதுவல்ல. பழைய கேசட் ஒன்றின் கடைசியில், இடத்தை நிரப்பக் கிடந்த 'உப்பங்காத்துக்காரி'. வேறு யாரும் அதைச் சீண்டியதில்லை. இவர் மட்டும் ஒவ்வொரு டிரிப்பிலும், புதுச்சத்திரம் தாண்டிக் காற்று முகத்தில் அறையும் இடத்தில் போட்டார். படித்து முடித்த பிள்ளைகள் அதைப் பெங்களூருக்கும் துபாய்க்கும் கொண்டுபோனார்கள். "பாடுனது அவுரு. வளத்தது நானு" என்று ஸ்டியரிங்கைத் தட்டுவார்.

போன மாதம் ஒரு டிவியில் அறிவிப்பு வந்தது. தேவசகாயத்தின் பாட்டுகளில் ஜனங்களுக்கு மிகப் பிடித்த பத்தை, பத்தாவதிலிருந்து முதலாவது வரை, ஞாயிற்றுக்கிழமை காலையில் வரிசையாகப் போடுவார்களாம், ஓட்டு போனில். கலியமூர்த்தி பஸ் ஸ்டாண்டிலேயே சவால் விட்டார். "எம் பாட்டு மொத எடம். இல்லன்னா இந்த வண்டியில இனிமே பாட்டே கெடையாது."

கண்டக்டர் இளவரசு அவரைத் தனியே இழுத்துக்கொண்டு போனார். "மாமா, பாட்டுக்காவத்தான் நம்ம வண்டியில ஏறுறாங்க. பின்னாடி வர்றவன் எல்லாரையும் அள்ளிக்கிட்டுப் போயிருவான். பத்துக்குள்ள வந்தா போதும்னு மாத்திச் சொல்லேன்."

"போடா மாப்ள. பத்துக்குள்ள வர்றதுக்கா வளத்தேன்?"

அந்த ஞாயிறு நானும் ஏறினேன். சிதம்பரத்தில் எனக்கு ஒரு வேலையும் இல்லை, வேடிக்கைதான். இளவரசு தன் போனை பஸ் டிவியோடு இணைத்திருந்தார். டிவி இருப்பது டிரைவர் தலைக்குப் பின்னால். பஸ்ஸில் அதைப் பார்க்க முடியாத ஒரே ஆள் கலியமூர்த்தி.

சிப்காட்டில் பத்தாவது பாட்டு. ஆலப்பாக்கத்தில் ஏழாவது. புதுச்சத்திரத்தில் நாலாவது. உப்பங்காத்துக்காரியைக் காணோம்.

"என்னாடா காட்றான்?"

"வெளம்பரம் மாமா."

"இப்ப?"

"இன்னும் வெளம்பரந்தான். நீ ரோட்டப் பாரு."

முன் சீட்டில் இருந்த கல்லூரிப் பெண் வெண்மதி மெல்லக் கேட்டாள்: "அண்ணே, லிஸ்ட்லயே இல்லன்னா என்னா பண்ணுவீங்க?" அவர் தேவையே இல்லாமல் ஒரு கியர் மாற்றினார்.

பி.முட்லூர் தாண்டி இரண்டாவது பாட்டு வந்தது. மத்தாப்பு மஞ்சுளா! இளவரசு சந்தோஷத்தில் விசிலை எடுத்து ஊதிவிட்டார். பழக்க தோஷம், கலியமூர்த்தி பிரேக்கை மிதித்தார். பஸ் மொத்தமும் முன்னால் சாய்ந்து நிமிர்ந்தது.

"எறங்க ஆளு இல்லாம ஏண்டா ஊதுன?"

"மஞ்சுளாவே ரெண்டாவதுதான் மாமா!"

"அப்ப மொதலு எது?"

"அத இன்னும் சொல்லலியே."

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் வண்டி நின்றது. ஒருவரும் இறங்கவில்லை. ஏற வந்தவர்களும் படியில் நின்றபடி டிவியை அண்ணாந்து பார்த்தார்கள். டைம் கீப்பர் பூவராகன் ஓடிவந்து பஸ்ஸின் பக்கத் தகரத்தில் தட்டினார். "யோவ், ஆள எறக்கிட்டு வண்டிய நவுத்துய்யா!"

திரையில் தேவசகாயமே வந்தார். "இந்தப் பாட்ட நானே மறந்துட்டேன். யாரு இத்தன வருசம் ஞாபகம் வச்சிருந்தாங்கன்னு தெரியல" என்று கூலிங் கிளாஸைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாட்டின் தொடக்கத்தில் வரும் சீழ்க்கை ஒலி எழுந்தது. உப்பங்காத்துக்காரி.

படியிலிருந்து கடைசி சீட்டு வரை கத்திய கத்தலில் கோபுரத்துப் புறாக்கள் மொத்தமாகக் கிளம்பிக் கடலூர்ப் பக்கம் போனவை, அன்று மாலை வரை திரும்பவில்லை. வெண்மதி எழுந்து அவர் தோளைத் தட்டினாள். "அண்ணே, இப்பவாவது திரும்பிப் பாருங்க!"

கலியமூர்த்தி திரும்பவில்லை. வெளியே பூவராகன் மறுபடி தட்டக் கையை ஓங்கினார். இவர் ஜன்னல் வழியாக அவரைப் பார்த்து உதட்டின்மேல் விரலை வைத்தார். பிறகு குனிந்து இன்ஜினை அணைத்தார்.