எஸ்தர் முடித்த வரி

போன வருடம் ஜூலை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, என் மனைவி எஸ்தருக்கு நாக்கு குழறியது. நான் அவளைத் திட்டினேன். கர்த்தர் எனக்குச் செய்ததைச் சொல்லும் முன் இதைச் சொல்லியாக வேண்டும்.

நான் சேலையூர் துரைராஜ். இரண்டாம் வகுப்போடு நின்றவன். பந்தல் கம்பு தூக்கி ஆரம்பித்தேன். இன்று தாம்பரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரைக்கும் நான் மேடை போட்டுக் கலைநிகழ்ச்சி நடத்தாத மண்டபம் கிடையாது. கார்ட்டூன் படம் எடுக்கிறேன், செல்போன் கேம் தயாரிக்கிறேன். பட்டதாரிகள் பதினெட்டுப் பேர் என்னிடம் வேலை பார்க்கிறார்கள். கதையை ஒருமுறை காதில் வாங்கினால் போதும், எந்தக் காட்சி இழுக்கிறது என்று சொல்லிவிடுவேன்.

ஆனால் கையெழுத்துப் போடுவதைத் தவிர எனக்கு எழுதப் படிக்க வராது. இது எஸ்தருக்கு மட்டும்தான் தெரியும். தினமும் காலையில் அவள்தான் கதைத்தாளைப் படித்துக் காட்டுவாள், தப்பைப் பென்சிலால் திருத்துவாள். ஆபீஸில் அது என் திருத்தம்.

அன்றைக்கு ஆட்டுக்குட்டிக் கதை. வார்த்தைகள் குழைந்தன.

"இன்னாடி, வாயில வெத்தலைய வெச்சிகினு கீறியா? ஒழுங்கா படி. டப்பிங்குக்கு ஆளு வந்துருவாங்க" என்றேன்.

அவள் சிரிக்கப் பார்த்தாள். வாய் ஒரு பக்கம்தான் போனது. நான் தாளைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பதினோரு மணிக்குப் பக்கத்து வீட்டு அம்மா போன் செய்தார்கள். "அண்ணா, எஸ்தர் விழுந்து கெடக்குது, ஓடியாங்க!"

பக்கவாதம். உயிர் தங்கியது. பேச்சு போய்விட்டது. "இன்னும் கொஞ்சம் சீக்கிரம்..." என்று ஆரம்பித்த டாக்டர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஆஸ்பத்திரி மாடிப்படியில் முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, அவ வாயிலேர்ந்து ஒரே ஒரு வார்த்தை. என்னைத் திட்டுனாலும் சரி." ஒரு மாதம், இரண்டு மாதம். பதில் இல்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண், "அவங்க வழக்கமா படிக்கிறத நீங்க தினமும் படிச்சுக் காட்டுங்க சார்" என்றார். தலை குனிந்தேன். மறுநாள் ஆபீஸில் எல்லார் முன்னாலும் உண்மையைச் சொல்லிவிட்டேன். படம் வரையும் தீபா கேட்டாள்.

"அப்போ இத்தனை வருஷமா கரெக்‌ஷன் போட்டது யாரு சார்?"

"என் பொண்டாட்டிம்மா."

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்த தீபாவிடமே எழுத்துக் கற்றேன், அறுபத்து மூன்று வயதில். டிசம்பரில் ஒரு நாள் கட்டிலருகே உட்கார்ந்து, அதே ஆட்டுக்குட்டிக் கதையை எழுத்துக் கூட்டிப் படித்தேன். குட்டி காட்டுப் பாதையில் பயந்து நிற்கிறது. தாய் ஆடு சொல்கிறது: "நீ முன்னாடி போ..." அதற்குமேல் கண்ணீரில் எழுத்து தெரியவில்லை. நின்றுவிட்டேன்.

"நான்... பின்னாடியே... வரேன்" என்றாள் எஸ்தர்.

ஒரு வார்த்தை கேட்டேன். மூன்று கொடுத்தார். அவருக்கே ஸ்தோத்திரம்.

பிப்ரவரியில் மறுபடி பக்கவாதம் வந்தது. அவளை எடுத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டேன், இன்னும் கேட்கிறேன். ஆனால் அவர் செவிகொடுக்காதவர் என்று சொல்ல என் வாய்க்கு உரிமையில்லை. முன்னாடி போனது அவள். பின்னாடியே போக வேண்டியவன் நான்.

எங்கள் படங்களின் முடிவில் இப்போது 'கதைத் திருத்தம்: எஸ்தர்' என்று வருகிறது, என் பெயருக்கு மேலே. இந்தச் சாட்சியையும் வேறு யாரையும் எழுதச் சொல்லவில்லை. நானே எழுதினேன், நாலு நாள் பிடித்தது. உங்கள் வீட்டிலும் யாராவது பேச்சற்றுக் கிடந்தால், நீங்கள் மறைத்து வைத்திருப்பதை முதலில் கர்த்தர் பாதத்தில் வையுங்கள். பிறகு ஒரே ஒரு வார்த்தை கேளுங்கள்.