தொட்டதும் இழுத்தல்

சமாதான காலத்தில் வேலணையில் என் வகுப்புத் தோழிக்கு அவளுடைய கனடா மாமா ஒரு வீடியோ கேம் பெட்டி கொண்டுவந்து கொடுத்தார். ஒரே சீடித் தட்டில் ஐம்பது குட்டி விளையாட்டுகள். வகுப்பில் அதே பேச்சு. ஒருத்திக்குத் தவளைப் பாய்ச்சல்தான் திறம், இன்னொருத்திக்குப் பலூன் உடைப்பது. எனக்கு வயிறு எரிந்தது.

அவள் வீட்டில் என் முறை வந்தபோது மீன்பிடியைத் தெரிந்தெடுத்தேன். அப்பா கடலுக்குப் போகிறவர். தூண்டில் எனக்குக் கைவந்த வேலை. மீன் தொட்டதும் இழுக்கக் கூடாது, இரையை விழுங்கும்வரை பொறுக்க வேண்டும். அப்படியே பொறுத்திருந்தேன். கடலில் கால் நனைக்காத அவளோ தொட்டதும் தொட்டதும் பொத்தானை அமத்தி இருபது மீன் பிடித்தாள். எனக்கு ஒன்றுமில்லை.

"உமக்குத் தூண்டில் போடத் தெரியாதோ?" என்றாள்.

"விசர் விளையாட்டு" என்று வகுப்பெல்லாம் சொல்லித் திரிந்தேன். ஆனால் அவளை வெல்வதற்காக ஒவ்வொரு பின்னேரமும் அவள் வீட்டுக்குத்தான் போனேன்.

ஒரு சனிக்கிழமை அப்பாவோடு இறங்குதுறையில் தூண்டில் போட்டேன். தூண்டிலின் தங்கூசி நூல் இலேசாக அசைந்ததும் வெடுக்கென்று இழுத்தேன். மீன் போய்விட்டது.

"ஆரிட்டைப் பழகினனீ இதை?" என்று அப்பா கேட்டார்.

அவள் பெயரை விழுங்கிக்கொண்டு தூண்டிலில் புது இரை கோத்தேன்.