மருமகளுக்காகச் சொன்ன பெயர்

பொருளை ஈவது எளிது. நெடுநாள் காத்த நோன்பைப் பிறர் வாழ்வுக்காக நெகிழ்த்துவதே அரிய ஈகை. அவ்வீகை மேலகரத்துக் குருவம்மாளிடம் இருந்தது.

தேயிலைக் கம்பெனியில் எழுத்தராயிருந்த அவள் மகன் மந்திரமூர்த்தி காலமாகி ஓராண்டு ஆயிற்று. அவன் மனைவி பேச்சித்தாய்க்குக் கம்பெனி தரவேண்டிய குடும்பப் பென்சனே பிழைப்பு, அதுவோ வரவில்லை. மந்திரமூர்த்தி என்பது குருவம்மாளின் மாமனார் பெயர். அதை நாவால் சொல்லலாகாது என்று மகனை நயினார் என்றே அழைத்தாள். ஊரும் அவ்வாறே அழைத்தது. இறப்புப் பதிவிலும் அப்பெயரே ஏறிற்று. கம்பெனியோ, "நயினாரை அறியோம், மந்திரமூர்த்தியே நேரில் வந்து கையெழுத்திடுக" என்று எழுதிவிட்டது.

சாரலுக்குக் குற்றாலம் வந்திருந்த கம்பெனி ஏஜெண்டு வீரபாகுவிடம் இருவரும் சென்றனர்.

"நயினாருக்கு வச்ச பேரு என்னன்னு வீட்டாளு ஒருத்தர் வாயால சொல்லணும். ரெண்டும் ஒரே ஆளுன்னு எழுதிக்கிடுதேன்" என்றார் அவர்.

"அது எங்க மாமா பேரு, அண்ணாச்சி. நான் எப்படிச் சொல்லுவேன்?" என்றாள் குருவம்மாள்.

"மருமவ சொல்லட்டும்."

"அவளுக்குப் புருசன் பேருல்லா."

"சரிதான். இனி அவரே வந்துதான் சொல்லணும்போல."

பேச்சித்தாய் தலைகுனிந்து நின்றாள். அவளைப் பார்த்த குருவம்மாள் கைகூப்பி, "பொறுத்துக்கிடுங்க மாமா" என்றாள். பிறகு, "மந்திரமூர்த்தி" என்றாள்.

பெற்ற மகனை அவன் பெயரால் அவள் அழைத்தது அன்றுதான். நா தித்தித்தது. "மந்திரமூர்த்தி. எம்மவன் மந்திரமூர்த்தி."

"ஒரு தடவை போதும் ஆச்சி. எழுதியாச்சு."

"உங்களுக்குப் போதும். எனக்குக் காணாது" என்றாள் குருவம்மாள். பேச்சித்தாய் சிரித்துவிட்டாள்.

மறுமாதமே பென்சன் வந்தது. குற்றாலநாதரும் குழல்வாய்மொழியம்மையும் துணைநிற்க, அவ்வில்லம் நெல்லும் நகையும் நிறைந்து நீடு வாழ்க.