அகுலீனாவின் நாற்பதாவது குழி

அகுலீனா சிவ்த்செவா, மண் ஆழத்தில் எப்போதும் உறைந்தே கிடக்கும் எங்கள் யாகூத்திய ஊரில் கட்டடத் தூண்களுக்குக் குழி துளைப்பவள். முப்பது குளிர்காலமாக அதே வேலை. வெண்ணெய் தடவிய அப்பத்தில் ஒரு துண்டை மண்ணுக்குப் படையலாகப் போடாமல் துளைக்கும் எஞ்சினைத் தொடமாட்டாள். போட்ட பிறகு யார் பேச்சையும் கேட்கமாட்டாள். அவளுக்கு உதவியாள் நான், தெரெந்தி. வயது நாற்பத்து நான்கு. புத்தி அதில் பாதிகூட இல்லை என்பது அந்தப் பிப்ரவரியில் ஊருக்கே தெரிந்தது.

குழந்தைகள் பள்ளிக்கு நாற்பது குழி. கடைசிக் குழியில் எட்டு மீட்டர் இறங்கியிருந்தோம். இன்னும் இரண்டு மீட்டர் பாக்கி. அகுலீனா டீசல் எடுக்கப் போனாள். "எஞ்சின நிறுத்திராத" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். விரல் மரத்துப்போனதால் நான் நிறுத்திவிட்டு வண்டிக்குள் உட்கார்ந்து டீ குடித்தேன். பத்தே நிமிடம். துளைத்த சூட்டில் இளகியிருந்த சேறு அதற்குள் மறுபடி உறைந்து துரப்பணத்தைக் கவ்விக்கொண்டது. ஊருக்கே அது ஒன்றுதான். அது போனால் இந்த வருடம் பள்ளி இல்லை.

மேஸ்திரி ஸ்பிரிதோன் கொதிநீரோடு வந்தார்.

"ரெண்டு பீப்பா ஊத்துனா கழண்டுரும், அகுலீனா."

"கழண்டுரும். இளகுன மண்ணு அப்புறம் எப்ப இறுகும்? என் வீட்டுக் கதவு ஏன் சாத்த மாட்டேங்குதுன்னு நெனச்சீங்க? அந்த மூலைத் தூண் குழில நான் கொதிநீர் ஊத்துனேன், தூண் இறங்கிருச்சு."

"அப்ப வெயில் வர்ற வரைக்கும் உக்காந்திரு."

"உக்கார்றதுக்குத்தான் ஆள் வச்சிருக்கேனே" என்று என்னைப் பார்த்தாள்.

திட்டியிருந்தால் தேவலை. வெட்கத்தில் செத்துப்போனேன்.

இரண்டு குழாய்த் திருகிகளைத் துரப்பணத்தின் தண்டில் எதிரெதிராக மாட்டினாள். ஒன்றைப் பிடித்து அவள், மற்றதைப் பிடித்து நான். முதலில் மயிரிழைகூட அசையவில்லை. நண்பகலில் அரை விரல் இந்தப் பக்கம், அரை விரல் அந்தப் பக்கம். வேகமாக இழுத்தால் தண்டு முறிந்துவிடும்.

"அக்கா, கை விட்டுப்போச்சு."

"தோள் இருக்குல்ல. சாய்ச்சுத் தள்ளு."

இருட்டும் நேரத்தில் தண்டு முழுச் சுற்று சுற்றியது. நான் பனியில் விழுந்து, வெட்கமில்லாமல் அழுதேன்.

"அக்கா, மன்னிச்சிரு."

அவள் எஞ்சினைக் கிளப்பிக்கொண்டிருந்தாள்.

"அதெல்லாம் அப்புறம். இன்னும் ரெண்டு மீட்டர் இருக்கு, எந்திரி."